எந்த உத்தி எந்த மண்ணுக்கு? வாசகர் கேள்வி-பதில்

தண்ணீர்த் தட்டுப்பாடு, குப்பை, வெக்கை ஆகியவற்றுக்கு உலகின் வெவ்வேறு மூலைகளில் மக்கள் கண்டுபிடித்த வழிகளைப் பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலான கடிதங்கள் முடியும் இடம் ஒன்றே: "இதை நம்ம ஊரில் செய்யலாமா?" ஆகவே அந்தந்த உத்தி எந்த நிலைமையில் வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டே செய்முறைக்குப் போகிறோம்.

நைஜீரியாவில் பானைக்குள் பானை வைத்து, மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் கெடாமல் வைக்கிறார்களாம். படித்துவிட்டு அப்படியே செய்தேன். தக்காளி மூன்றே நாளில் அழுகிவிட்டது. எங்கே தவறு?
வாசகி, தூத்துக்குடி

உங்கள் ஊர்க் காற்றுதான் காரணம். இந்த இரட்டைப் பானையை 1990களில் வட நைஜீரியாவின் ஜிகாவா பகுதியில் பரப்பியவர் முகமது பா அப்பா. பானை வனையும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர்; 2000-இல் இதற்காக ரோலக்ஸ் விருது பெற்றார். மூன்று நாளில் வாடும் கத்திரிக்காய் அங்கே மூன்று வாரத்துக்கு மேல் தாங்கியது. அது சஹாராவின் விளிம்பு, வறண்ட காற்று வீசும் பூமி. வெளிப்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது, பானையும் குளிராது.

கணக்கைப் பாருங்கள். வெயில் 40 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், எந்தப் பானையும் இறங்கக்கூடிய கடைசி எல்லை ஏறத்தாழ 23 டிகிரி. வெயில் 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்த எல்லை 30 டிகிரி. கடலோரத்தில் நீங்கள் பார்ப்பது இரண்டாவது கணக்கு. நாலு டிகிரி இறங்குவதால் தக்காளிக்குப் பயனில்லை. மூடிய பானைக்குள் ஈரம் தேங்கிப் பூஞ்சைதான் சீக்கிரம் பிடிக்கும்.

பானை வாங்குமுன் யாரும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறை வெப்பம் காட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் மின்விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டும் காட்டும் வித்தியாசம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் பானை பலன் தரும். ஐந்துக்குக் கீழே என்றால் முயற்சி வேண்டாம். கோடை மதியங்களில் காற்று உலர்ந்துவிடும் வேலூர், கரூர், திருச்சி வட்டாரங்களில் மார்ச் முதல் மே வரை இது நன்றாகவே வேலை செய்யும்.

செய்முறை: மெருகோ பெயிண்டோ பூசாத பெரிய மண்பானை ஒன்று, அதற்குள் வைத்தால் சுற்றிலும் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விடும் சிறிய பானை ஒன்று. பெரிய பானையின் அடியில் 5 செ.மீ. ஆற்று மணல் போட்டு, சின்னதை அதன்மேல் உட்கார்த்தி, இடைவெளி முழுவதும் மணலை நிரப்புங்கள். மணல் சொதசொதவென்று ஆகும்வரை தண்ணீர் ஊற்றி, வாயை ஈரத் துணியால் மூடுங்கள். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். வெயில் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் முக்காலி மேல் வையுங்கள். மூலையில் வைத்தால் பானையைச் சுற்றிய காற்று ஈரமாகி அங்கேயே நின்றுவிடும்.

சில மாதம் கழித்துக் குளிர்ச்சி குறைந்தால் வெளிப்பானையைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. தேங்காய் நார், வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கை இதில் வைக்காதீர்கள், முளைவிட்டுவிடும். பாலுக்கும் மீனுக்கும் இந்தக் குளிர் போதாது.

விற்பனைக்கு விளைவிப்பவர்களுக்கு இதே தத்துவத்தில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கல் அறை ஒன்றை வடிவமைத்திருக்கிறது. 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலம், 67.5 செ.மீ. உயரம். இரட்டைச் சுவர், நடுவில் 7.5 செ.மீ. இடைவெளியில் ஈர மணல், மேலே மூங்கில் தட்டி, அதற்கு மேல் நிழல் கூரை. ஏறத்தாழ 100 கிலோ காய்கறி பிடிக்கும். இதற்கும் உலர்ந்த காற்று வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

மொராக்கோவில் மூடுபனியை வலை கட்டிப் பிடித்துக் குடிநீர் எடுப்பதாகச் செய்தி பார்த்தேன். கொடைக்கானலில் பனிக்குப் பஞ்சமில்லை. வலை கட்டலாமா?
வாசகர், கொடைக்கானல்

மொராக்கோவின் தென்மேற்கில் சிடி இஃப்னி பக்கம், பூத்மெஸ்கிடா மலையில் 1,200 மீட்டருக்கு மேல் அந்த வலைகள் நிற்கின்றன. தார் சி ஹமத் என்ற தன்னார்வ அமைப்பு நடத்துகிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து எழும் மேகம் மலையில் மோதும். மழையாகக் கொட்டாமல் பனியாகக் கடந்து போய்விடும். அந்தப் பனித்துளிகள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் 40 மைக்ரானுக்குக் கீழே. தானாகத் தரையில் விழாது. காற்று அடித்துக்கொண்டு வந்து எதன்மேலாவது மோத வேண்டும். வலை இழையில் மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து வழிந்து கீழே உள்ள கால்வாயில் விழுகிறது. ஆகவே பனி மட்டும் போதாது, பனியோடு காற்றும் வேண்டும். காலையில் அசையாமல் நிற்கும் பள்ளத்தாக்குப் பனியில் வலை ஈரமாகுமே தவிர, சொட்டாது.

சோதனைக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் ஒன்று போதும். தோட்டக்கலைக்கு விற்கும் முக்கோணக் கண்ணுள்ள ராஷெல் நிழல்வலை, 35 சதவீத நிழல் தருவது, இரண்டு அடுக்காகக் கட்ட வேண்டும். இரண்டு அடுக்கும் காற்றில் உரசும்போது துளிகள் சேர்ந்து வழிகின்றன. ஒற்றை அடுக்கில் அவை கண்களில் அப்படியே தங்கிவிடும். சட்டத்தின் அடி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், வீசும் காற்றுக்குக் குறுக்கே இருக்கட்டும். கீழே பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து கட்டி, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, மூடிய கேனில் விடுங்கள். தினமும் அளந்து குறியுங்கள். ஒரு முழு ஆண்டு அளக்காமல் பெரிய வலைக்குச் செலவு செய்யாதீர்கள்.

சிலியின் எல் டோஃபோ மலையில், சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்காக ஒவ்வொன்றும் 48 சதுர மீட்டர் கொண்ட ஏறத்தாழ நூறு வலைகள் கட்டினார்கள். 1992-இல் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. சதுர மீட்டருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 3 லிட்டர். பத்து ஆண்டுக்குள் அது கைவிடப்பட்டது. கிழிந்த வலையைத் தைக்கவும், தளர்ந்த கம்பியை இறுக்கவும், தூசியடைத்த குழாயைக் கழுவவும் ஊரில் நிலையான ஆளும் பணமும் ஏற்பாடாகவில்லை. ஊரும் பெருகியது. வலையைவிட அதைப் பராமரிக்கும் ஏற்பாடுதான் கடினமான பகுதி என்பது இந்தத் துறையில் எல்லோரும் கண்ட உண்மை.

இனி கொடைக்கானல். நல்ல காற்றோடு பனி வரும் நாள் ஆண்டுக்கு நூறு என்று வைத்தாலும், ஒரு சதுர மீட்டர் வலை தருவது 300 லிட்டர். உங்கள் ஊரில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் தகரக் கூரை, வீணாவது போக 1,200 லிட்டர் தரும். கூரை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, கிழியவும் கிழியாது. தொட்டிக்குச் செலவழியுங்கள். மழையே இல்லாத மலைக்குத்தான் வலை.

லடாக்கில் பனிக்கட்டிக் கோபுரம் கட்டித் தண்ணீர் சேமிக்கிறார்கள். அது ஏன் கூம்பாக இருக்க வேண்டும்? குளம் போலப் பரப்பி உறைய வைக்கக் கூடாதா?
கல்லூரி மாணவர், ஈரோடு

பரப்பியும் செய்திருக்கிறார்கள். பொறியாளர் செவாங் நோர்பெல் 1987 முதல் லடாக்கில் மலைச்சரிவுகளில் கல்தடுப்புகள் கட்டி, ஓடைநீரைப் பரப்பி உறைய வைத்தார். அதற்கு 4,000 மீட்டர் உயரமும், வடக்கு நோக்கிய நிழலும் தேவைப்பட்டன. ஊரோ கீழே இருக்கிறது. ஊருக்கு அருகிலேயே, வெயிலில் நின்றாலும் சீக்கிரம் உருகாத வடிவத்தைத் தேடித்தான் சோனம் வாங்சுக் 2013-இல் கூம்புக்கு வந்தார். முதல் மாதிரி சுமார் 6 மீட்டர் உயரம், 1,50,000 லிட்டர்; அடுத்த மே மாதம் வரை நின்றது.

அந்த 1,50,000 லிட்டரை அரை மீட்டர் கனத்தில் பரப்பினால் 300 சதுர மீட்டர் வெயிலில் கிடக்கும். 6 மீட்டர் கூம்பாக்கினால் சரிவுப் பரப்பு ஏறத்தாழ 120 சதுர மீட்டர்தான். அதிலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நேர்வெயில் படும். உருகுவது அதற்கேற்பக் குறைகிறது.

பம்பு கிடையாது. மேட்டு ஓடையிலிருந்து உறைநிலை எட்டாத ஆழத்தில் குழாய் புதைத்துக் கொண்டுவருகிறார்கள். உயர வித்தியாசமே கீழே நிற்கும் செங்குத்துக் குழாயில் தண்ணீரை மேலே தள்ளித் தூவ வைக்கிறது. இரவில் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கும் காற்றில் துளிகள் விழும்போதே உறைகின்றன. சுற்றிலும் முள்செடிக் கிளைகளைக் கட்டிவைப்பது பனி பிடித்து வளர. பெரிய தொல்லை குழாய்தான். நீரோட்டம் சற்று நின்றாலும் உள்ளே உறைந்து மொத்த நீளமும் அடைத்துவிடும். ஆகவே நிறுத்தும்போதெல்லாம் குழாயை முழுக்க வடிக்க வேண்டும்.

லடாக்கில் விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். பனியாறு உருகி ஓடைக்கு நீர் வருவதோ ஜூனில். இந்த இரண்டு மாத இடைவெளியை நிரப்பத்தான் இவ்வளவு பாடும். குளிர்காலத்தில் வீணே ஓடும் நீர் என்று மேலூர்க்காரர் நினைப்பது, கீழூர்க்காரருக்குத் தன் பங்காகத் தெரிவதும் உண்டு. குழாய் பதிக்குமுன் இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

எங்கள் நிலம் செம்பராங்கல் பொறுக்கு. மழை பெய்தால் ஓடிவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. ஆப்பிரிக்காவில் குழி வெட்டி இப்படிப்பட்ட நிலத்தை மீட்டார்களாமே, எப்படி?
விவசாயி, புதுக்கோட்டை

அந்தக் குழிக்கு சாய் என்று பெயர். புர்கினா ஃபாசோவின் யாத்தெங்கா பகுதி அதன் தாயகம். 1980 வாக்கிலான கடும் வறட்சியில் யக்கூபா சவதோகோ என்ற விவசாயி பழைய குழி முறையைத் திருத்தினார்: குழியை அகலமாக்கினார், எரு போட்டார், மழைக்கு முன் கோடையிலேயே வெட்டினார். 2018-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார். எருவில் கலந்து வந்த மர விதைகள் குழிகளில் முளைக்க, அவற்றை வெட்டாமல் விட்டு, தரிசு கிடந்த இடத்தில் இருபது ஹெக்டேருக்கு மேல் காடே வளர்த்துவிட்டார். எங்கள் மனதுக்கு மிகவும் நெருக்கமான வேலை இது. மண்வெட்டி தவிர வேறு கருவியே இல்லை.

குழியின் அகலம் 20 முதல் 40 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ. குழிக்குக் குழி, வரிசைக்கு வரிசை 80 செ.மீ. விடுங்கள். அடுத்த வரிசைக் குழி, மேல் வரிசையின் இரண்டு குழிகளுக்கு நடுவே வரட்டும். ஓடும் நீர் எங்காவது மாட்டிக்கொள்ளும். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைவடிவமாக அணையுங்கள். மேல்பக்கம் போட்டால் நீர் குழிக்குள் வராமல் சுற்றிப் போய்விடும். இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள்.

இந்த இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,300 குழி வரும். குழிக்கு இரண்டு கை, அதாவது 300 கிராம் மக்கிய எரு என்றால் 1.9 டன். எருவைப் போட்டு மேலே மெல்லிய மண் மூடிவிட்டு மழைக்குக் காத்திருங்கள். இந்த இடைவேளையில் கறையான் வரும். அதற்கு மருந்து அடிக்காதீர்கள். எருவைத் தேடி வரும் கறையான் குடைகிற வளைகள் வழியாகத்தான், கடப்பாறைக்கும் அசையாத பொறுக்குக்குள் தண்ணீர் இறங்குகிறது. முழு முறையின் உயிரும் அந்தப் பூச்சியின் கையில் இருக்கிறது. எரு பச்சையாக இருந்தால் முளை கருகும்.

நிலம் சரிவாக இருந்தால் குழி மட்டும் போதாது. சமமட்டக் கோட்டில் கல்வரிசை வைக்க வேண்டும். யாத்தெங்காவில் மட்டம் பார்க்க அவர்கள் பயன்படுத்தியது, நம் கொத்தனார் வைத்திருக்கிறாரே, அதே தண்ணீர் டியூப்தான்.

இரண்டு எச்சரிக்கை. சாய் குழிக்கு ஏற்றது ஆண்டுக்கு 300 முதல் 800 மி.மீ. மழை. உங்கள் பகுதியில் அதைவிடச் சற்று அதிகம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போலக் கொட்டும். நாலைந்து நாள் குழியில் தண்ணீர் நின்றால் கம்பும் துவரையும் வேரழுகும். ஆகவே அணையின் ஒரு ஓரத்தில் இரண்டு விரல் தாழ்வாக வழி விடுங்கள். முதல் ஆண்டு பத்து சென்டில் மட்டும் பாருங்கள். கரிசல் மண்ணில் இதைச் செய்யவே வேண்டாம். மணல் மண்ணில் குழி சரிந்து தூர்ந்துவிடும். காய்ந்து கெட்டிப்பட்ட மேல்தோல் உள்ள நிலத்துக்கான வைத்தியம் இது. கூலிதான் பெரிய செலவு. வேறு வேலை இல்லாத கோடையில் வீட்டு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதால்தான் அங்கே கட்டுப்படியாகிறது. அடுத்த ஆண்டு அதே குழியைத் தூர்வாரி எரு போட்டால் போதும்.

பிளாஸ்டிக் சாலை போட எங்கள் ஊராட்சியில் ஒரு யோசனை. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு பிளாஸ்டிக் வேண்டும்? எதைப் போடக் கூடாது?
ஊராட்சி உறுப்பினர், விருதுநகர் மாவட்டம்

இந்த முறை பிறந்தது உங்களுக்குப் பக்கத்தில், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில். வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியது; அவர் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போட ஏறத்தாழ 10 டன் தார் ஆகும். அதில் 1 டன்னுக்குப் பதிலாக பிளாஸ்டிக் போகிறது.

தாரில் பிளாஸ்டிக்கைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜல்லியை 160 முதல் 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் 2 முதல் 4 மி.மீ. அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் துணுக்கைத் தூவுகிறார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் உருகி ஜல்லியைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிந்துவிடும். ஜல்லி எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். அதற்குப் பிறகே தார். உறை ஜல்லியின் நுண்துளைகளை அடைப்பதால் தண்ணீர் புகாது, தாரும் கெட்டியாகப் பிடிக்கும்.

பால் கவர், கடைப் பை, பிஸ்கட் உறை, தெர்மகோல் ஆகலாம். பி.வி.சி. கூடவே கூடாது: குழாய்த் துண்டு, பழைய பிளெக்ஸ் பேனர், மின்கம்பி உறை எதுவும். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். வேலை செய்பவர்களின் நுரையீரலைத் தாக்கும். பிளெக்ஸ் பேனர்தான் அடிக்கடி தெரியாமல் கலந்துவிடுகிறது. பிரிக்கும் மேசையில் அதைப் பார்க்கவே ஒருவரை வையுங்கள். ஈரமும் மண்ணும் ஒட்டிய பிளாஸ்டிக் ஜல்லியில் படியாது. துணுக்கு பெரிதாக இருந்தால் கட்டி கட்டியாக நிற்கும், அந்த இடத்தில் ஜல்லி பெயரும். வெப்பமானி இல்லாமல் கண்மதிப்பில் சூடேற்றும் ஒப்பந்தக்காரரை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு டன் சுத்தமான, காய்ந்த, பிரித்த பிளாஸ்டிக்கைச் சேர்ப்பதுதான் ஊராட்சிக்கு உண்மையான வேலை. வீட்டிலேயே பிரித்து வாங்கும் ஏற்பாடு இல்லையென்றால் முதலில் அதை நடத்துங்கள், சாலை பிறகு.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து உலகில் எங்காவது நிஜமாகவே குடிக்கிறார்களா?
வாசகி, கோயம்புத்தூர்

குடிக்கிறார்கள். நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹூக்கில் 1968 முதல். 2002-இல் தொடங்கிய புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் தரவல்லது. சிங்கப்பூரில் நியூவாட்டர் என்ற பெயரில் மீட்கும் கழிவுநீர் பெரும்பாலும் ஆலைகளுக்குப் போகிறது, ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. வின்ட்ஹூக்கில் நேராகவே குடிநீர்க் குழாய்க்கு.

அங்கே முதல் பாதுகாப்பு எந்திரத்துக்கு முன்பே தொடங்குகிறது: ஆலைக் கழிவுநீருக்குத் தனிக் குழாய், வீட்டுக் கழிவுநீருக்குத் தனிக் குழாய். வீட்டுக் கழிவில் இருப்பது பெரும்பாலும் கிருமியும் மட்கும் பொருளும். அவற்றை நீக்கத் தெரியும். ஆலைக் கழிவில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிறகு ஓசோன், அழுக்கைத் திரட்டி மிதக்க வைத்து வழித்தெடுத்தல், மணல் வடிகட்டி, செயலூட்டிய கரி, நுண்சவ்வு, குளோரின் என்று அடுத்தடுத்துத் தடைகள். ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே அமைப்பு. கடைசியில் மற்ற மூலங்களிலிருந்து வரும் நீரோடு கலந்துதான் விநியோகம். மீட்ட நீரின் பங்கு மூன்றில் ஒன்று அளவில்.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர் சவ்வூடு (ஆர்.ஓ.) நிலையங்கள் இயங்குகின்றன. அந்த நீர் தொழிற்சாலைகளுக்கு. ஆலைக்குப் போன நன்னீர் அந்த அளவுக்கு வீட்டுக்கு மிச்சமாகிறது. சாயக் கழிவும் வீட்டுக் கழிவும் கலக்கும் ஊரில் குடிநீர் பற்றிப் பேசுமுன் குழாயைப் பிரிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் உரத்தொட்டி வைத்தேன்; நாற்றம் தாங்கவில்லை. இந்தோனேசியாவில் கூடையில் செய்யும் முறையில் நாற்றமே வராது என்கிறார்களே?
வாசகி, சென்னை

அது தக்காகுரா கூடை. ஜப்பானின் கித்தாக்யூஷு நகர ஆய்வாளர் கோஜி தக்காகுரா, இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துக்காக 2004 வாக்கில் உருவாக்கினார். காய்கறித் தோலை அழுக விட்டுக் காத்திருக்காமல், முன்னதாகவே நொதித்த படுக்கை ஒன்றைத் தயாரித்து அதில் கழிவைப் போடுவதுதான் வித்தியாசம்.

முதலில் இரண்டு கரைசல். மூன்று லிட்டர் தண்ணீரில் 50 கிராம் வெல்லம், இரண்டு கரண்டி புளித்த தயிர், கிடைத்தால் ஒரு சிட்டிகை ஈஸ்ட். இன்னொரு மூன்று லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, கழுவாத பழத்தோல், காய்த்தோல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்து எடுங்கள். வாயைத் துணியால் மூடி மூன்று முதல் ஐந்து நாள். புளிப்பு வாசனை வந்தால் சரி; அழுகல் வாசனை என்றால் கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

உமியும் தவிடும் சம அளவு. மரத்தடியில் மக்கிய இலைமண் இரண்டு கை. கரைசல்களை வடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. முழுக் கரைசலையும் ஊற்றித் தீர்க்க வேண்டியதில்லை. துணி மூடி வைத்தால் ஓரிரு நாளில் சூடேறி, வெண்பூஞ்சை பூக்கும். அதுதான் நல்ல அடையாளம். கறுப்பாகப் பூத்தால் ஈரம் அதிகம்.

துளையுள்ள அழுக்குத்துணிக் கூடையின் உட்புறம் அட்டை ஒட்டி, அடியில் உமி நிரப்பிய துணிப்பை வைத்து, மேலே படுக்கையை அரைக்கூடைக்குப் போடுங்கள். தினமும் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, இரண்டு செ.மீ. துண்டாக நறுக்கிய கழிவை நடுவில் புதைத்துக் கிளறி, இன்னொரு உமிப்பை போட்டு, துணியால் மூடுங்கள். மறுநாள் கையை மேலே வைத்தால் வெதுவெதுப்புத் தெரியும்.

மூக்கைச் சுடும் அமோனியா நெடி வந்தால் மீன், கறி, பருப்பு மிச்சம் அதிகம் விழுந்திருக்கிறது. உமியும் காய்ந்த இலையும் சேர்த்துக் கிளறுங்கள். புளித்த அழுகல் நெடி என்றால் காற்றுப் போகவில்லை. சாதக் கஞ்சி, ரசம் மாதிரித் தண்ணீர்ப் பதார்த்தம் ஊற்றியிருப்பீர்கள். வடித்துவிட்டுப் போடுங்கள். சூடே வரவில்லையென்றால் காய்ந்துவிட்டது, அல்லது கழிவு மிகக் குறைவு. கூடை நிறைந்ததும் முக்கால் பங்கை வெளியே எடுத்து இரண்டு வாரம் ஆறவிட்டுச் செடிக்குப் போடலாம். மீதிக் கால் பங்கே அடுத்த கூடைக்கு உறைமோர் மாதிரி.

பாட்டிலில் தண்ணீரை வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்பது உண்மையா? எங்களுக்குக் கிணறுதான்.
வாசகர், யாழ்ப்பாணம்

உண்மை. சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனமான ஈவாக் பரப்பிய முறை. நிறமற்ற, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மிகாத பெட் பாட்டில்; முக்கால் நிரப்பி இருபது விநாடி குலுக்கி, பிறகு முழுக்க நிரப்பி மூடி, தகரக் கூரை மேல் படுக்க வையுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம். பாதிக்கு மேல் மேகமூட்டம் என்றால் தொடர்ந்து இரண்டு நாள். மழை நாளில் கொதிக்க வையுங்கள். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய்வழியே மேலிருந்து பார்த்தால் எழுத்துத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீர் கலங்கல், முதலில் தெளிய வைத்து வடிகட்டுங்கள்.

வெயில் கொல்வது கிருமியை மட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் பலவற்றில் உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கிய நைட்ரேட் இருக்கிறது. அதற்கு வெயிலும் உதவாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கிணற்று நீரை ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் கைக்குழந்தையின் பால்மாவுக்கு அந்த நீர் ஆகாது. கூரையில் பிடித்த மழைநீரை வடிகட்டிக் கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.